இருமல் நீக்கிய குரல்

என் தொழிலில் இருமல் என்பது குப்பை. முப்பத்திரண்டு வருடம் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஒலிப்பதிவு அறைகளில் உட்கார்ந்து, கதாநாயகர்களின் செருமலையும் கதாநாயகிகள் எச்சில் விழுங்கும் சத்தத்தையும் வெட்டி எறிந்து பிழைத்தவன் நான். பெயர் சேவியர். சேவியர் கைக்குப் போனால் குரல் துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி வரும் என்று இயக்குநர்கள் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்கள் என்னைத் திட்டும்போது வசதியாக இருக்கும்.

முபீனா என்னைத் தேடி வந்தபோது அவளுக்கு முப்பது வயது இருக்கும். சொந்தக் காசில் ஒரு படம் எடுத்திருந்தாள். கதைப்படம் இல்லை, நிஜ மனிதர்களை வைத்து எடுத்தது. பெயர் ‘நாலாம் ஷெட்’. நெடும்பட்டு என்கிற ஊரைப் பற்றிய படம். நம் அப்பாக்கள் மொட்டை மாடிகளில் ஆசை ஆசையாக மாட்டிய சூரியத் தகடுகள் எல்லாம் ஆயுள் முடிந்ததும் லாரி லாரியாக வந்து சேர்கிற ஊர் அது. வெய்யோன் என்றொரு கம்பெனி அங்கே அவற்றை அரைத்து மாவாக்கி, உள்ளே இருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுக்கிறது. ஊரில் ஓடுகிற பஸ் கம்பெனியுடையது. குழாயில் வருகிற தண்ணீரும் ஆஸ்பத்திரியும் சினிமா கொட்டகையும் கம்பெனியுடையவை. காலையில் பல் விளக்குவதிலிருந்து படுக்கிறவரை கம்பெனியைத் தொடாமல் அங்கே ஒருவர் வாழ முடியாது.

“இதுல ஒரு அக்கா பதினோரு நிமிஷம் பேசறாங்க சார்” என்றாள் முபீனா. “படமே அந்தப் பதினோரு நிமிஷம்தான். நாலாம் ஷெட்டுல பதினாலு வருஷம் கண்ணாடித் தூசியில நின்னவங்க. அப்படி ஒருத்தங்க எங்ககிட்ட வேலையே பாக்கலன்னு கம்பெனி சாதிக்குது. அந்த ஷெட்டுல இன்னும் நாப்பது பொம்பளைங்க இருக்காங்க. இவங்க பேச்சு வெளிய வந்தா ஷெட்ட மூடியே ஆகணும்.”

“அதுக்கு நான் என்னம்மா பண்ணணும்?”

“அரவை மிஷின் பக்கத்துல வச்சு எடுத்தது. ஒண்ணுமே கேக்கல. கேக்கற மாதிரி பண்ணிக் குடுங்க. ஆனா ரொம்ப சுத்தம் பண்ணிடாதீங்க சார்.”

அந்தக் கடைசிப் பேச்சை நான் மதிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அழுக்காக இருந்தால்தான் கலை என்று ஒரு நினைப்பு. நமக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

ஒலியைப் போட்டுக் கேட்டேன். பின்னால் அரவை இரைச்சல். முன்னால் இருமல். அந்த அம்மா நாலு வார்த்தை பேசுகிறார், இருமுகிறார். மறுபடி நாலு வார்த்தை, மறுபடி இருமல். சில இடங்களில் அரை நிமிடத்துக்கு இருமல் மட்டும்தான். இதை எந்தக் கொம்பனாலும் சரிசெய்ய முடியாது. எங்கள் ஊர் சினிமாவில் இதற்கு நூறு வருடமாக ஒரே வைத்தியம்தான் உண்டு. டப்பிங். படப்பிடிப்பில் பதிவான சத்தத்தை நாங்கள் பைலட் என்போம். அது வெறும் அடையாளத்துக்கு. பிறகு அறையில் உட்காரவைத்து, உதட்டசைவு பார்த்து, புதிதாகப் பேசவைப்போம். வேறு யாரையும் பேசவைக்கப் போவதில்லையே, அந்த அம்மாவையே பேசவைப்போம் என்று முபீனாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் அப்போது பாக்கிப் படப்பிடிப்பில் இருந்தாள். அவசரத்தில் சரி என்றுவிட்டாள்.

அந்த அம்மாவின் பெயர் வினோதினி. மூன்று நாள் தொடர்ந்து பஸ் ஏறி வடபழனிக்கு வந்துபோனார். நாற்பத்தோரு வயது. பார்க்க அறுபது. கண்ணாடி அறைக்குள் மைக்குக்கு முன்னால் நின்றதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “இன்னா சார், பரீட்சையா?” என்று சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்தது.

நான் பதினோரு நிமிடத்தையும் துண்டு துண்டாக்கினேன். நாலு வார்த்தை சொல்லவைப்பேன். இருமி முடிக்கிறவரை காத்திருப்பேன். அடுத்த நாலு வார்த்தை. வெந்நீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவரும் சளைக்கவில்லை. ஷெட்டில் முகமூடி கேட்டபோது மேஸ்திரி சொன்னது, கூட வேலை பார்த்த இரண்டு பேர் செத்தது, அவர்கள் பெயரை மறுநாளே பட்டியலில் இருந்து எடுத்தது, எல்லாவற்றையும் தேதியோடு சொன்னார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் உட்கார்ந்து இருமலை எல்லாம் வெட்டினேன். வார்த்தைகளுக்கு நடுவே இழுத்த மூச்சையும் வெட்டினேன். வெட்டிய இடம் தெரியாமல் தைத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை.

போட்டுக் காட்டியபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“நானா சார் இது?”

“நீங்கதாம்மா.”

“அய்யய்யோ, ரேடியோல பேசற மாரி இருக்குது. எங்க பாப்பா கேட்டா நம்பவே மாட்டா. அதுக்கு வெவரம் தெரிஞ்ச நாளா நான் இருமிக்கினேதான் இருக்கறேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னொரு வாட்டி போடுங்க சார்.”

ஐந்து முறை போட்டேன்.

இறுதிக் கலவை முடிகிற அன்று எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்போம். உடைத்த கையோடு பைலட்டையும் வெட்டி எறிந்த துண்டுகளையும் அழித்துவிடுவோம். பைலட் மிச்சம் இருந்தால் படம் விளங்காது என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னது. நூற்றுச் சொச்சம் படங்களுக்குச் செய்ததை ‘நாலாம் ஷெட்’டுக்கும் செய்தேன். முபீனாவின் கேமரா அட்டைகள் வாடகைக்கு வாங்கியவை. அவற்றை அவள் அழித்துத் திருப்பிக் கொடுத்து மாதக்கணக்காகி இருந்தது. ஆக, அரவை இரைச்சலோடும் இருமலோடும் வினோதினி பேசியது உலகத்தில் எங்கேயும் இல்லாமல் போயிற்று. பூசணிக்குள் குங்குமம் போட்டு நானேதான் உடைத்தேன்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெடும்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைப் போட்டோம். கம்பெனி தடுக்கும், ஆள் அனுப்பும், கரண்டை வெட்டும் என்று முபீனா பயந்துகொண்டே இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தடுத்திருந்தால்கூட எங்களுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். முந்நூறு பேர் வந்திருந்தார்கள். வினோதினி முன்வரிசையில், மகள் யாழிசையோடு, பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தார்.

படம் ஓடியது. வினோதினியின் முகம் வந்ததும் திரையின் அடியில் ஒரு சிவப்புப் பட்டை வந்தது. ‘இந்த நபர் செயற்கை உரு.’

எனக்கு முதலில் புரியவே இல்லை. முபீனா எழுந்து புரொஜெக்டரிடம் ஓடினாள். நிறுத்திப் போட்டாள். மறுபடியும் அதே பட்டை. பதினோரு நிமிடமும் அந்தப் பட்டை போகவில்லை.

பொய் முகங்களும் பொய்க் குரல்களும் பெருகிப்போய் நாட்டில் கலவரம் ஆனபிறகு வந்த சட்டம் அது. ஊர் கூடிப் பார்க்கிற எந்தத் திரையும், படத்தில் வருகிறவர் நிஜ மனிதரா, இயந்திரம் செய்த உருவா என்று தானே சோதித்து முத்திரை காட்டியாக வேண்டும். உயிர் என்றால் பச்சை, உரு என்றால் சிவப்பு. கதைப்படங்களுக்கு இந்த வம்பு கிடையாது. நடிகர்கள் எல்லாரும் முன்கூட்டியே பதிந்துவைத்தவர்கள். நான் கதைப்படங்களிலேயே காலம் தள்ளியவன். முத்திரை என்று ஒன்று இருக்கிறது என்று தெரியும். அது எதைப் பார்க்கிறது என்று தெரியாது.

“மூச்ச வெட்டினீங்களா சார்?” என்றாள் முபீனா.

“இருமலத்தாம்மா வெட்டினேன்.”

“முகத்த இப்ப யார் வேணா பண்ணிடலாம் சார். குரலும் பண்ணிடலாம். மூச்சு மட்டும்தான் பண்ண வரல. நுரையீரல் எங்க இழுக்குது, எங்க திணறுதுன்னு ஒவ்வொரு நிமிஷமும் மாறும். மிஷின் அத ஒண்ணத்தான் தேடும். ரொம்ப சுத்தம் பண்ணாதீங்கன்னு சொன்னேனே சார்.”

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஏன் என்று ஒரு வார்த்தை அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது!

அதைவிட மோசம் படம் முடிந்தபிறகு. ஊர்க்காரர்கள் வினோதினியைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“அப்படியே உன்னாட்டமே பண்ணிருக்காங்கடி” என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

“பண்ணல, நான்தான் அது. மூணு நாளு மெட்ராசுக்குப் போயி பேசினேனே” என்றார் வினோதினி.

“போடி. உன் குரலு எனக்குத் தெரியாதா? அதுல ஒரு வாட்டிகூட இருமல. நீ நாலு வார்த்த சேந்தாப்புல பேசி எப்ப கேட்டிருக்கறோம்?”

வினோதினி பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார்கள். “தோ பாரு, இவதான் நம்ம வினோதினி” என்று ஒருத்தி முதுகைத் தடவிவிட்டாள்.

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. சம்பந்தப்பட்டவர் மாவட்ட மெய்ச்சான்று அதிகாரி முன்னால் தொண்ணூறு விநாடி தொடர்ந்து பேசிக் காட்டினால் போதும், முத்திரையை மாற்றிவிடலாம். இவ்வளவுதானா என்று நிம்மதியாக மனு போட்டோம். தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் வினோதினி படுத்துவிட்டார். கம்பெனி ஆஸ்பத்திரியில், இது அவர்கள் குடும்ப வாகு என்று எழுதிக் கொடுத்து, மூக்கையும் வாயையும் மூடுகிற ஒரு சுவாசக் கருவியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதிகாரி வீட்டுக்கே வந்தார். கீர்த்திவாசன் என்று பெயர். நல்ல மனிதர். டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டியைக் கட்டில் பக்கத்தில் வைத்து, “அவசரமில்லம்மா, நிதானமாப் பேசுங்க” என்றார்.

வினோதினி முகமூடிக்குள்ளிருந்தே பேசினார். தன் பெயர், புருஷன் பெயர், நாலாம் ஷெட், பதினாலு வருஷம். கருவி உள்ளே காற்றைத் தள்ளியது, வெளியே இழுத்தது. தள்ளியது, இழுத்தது. கடிகாரம் மாதிரி.

பெட்டியில் சிவப்பு எரிந்தது.

“மூச்சு ரொம்ப சீரா இருக்கு சார்” என்றார் கீர்த்திவாசன் என்னிடம், கூச்சத்தோடு. “கருவி விடற மூச்சு இது. அவங்க மூச்சு இல்ல.”

“ஏன் சார், ஒரு மிஷின் மூச்சு விடவைக்குது, இன்னொரு மிஷின் அது மூச்சே இல்லங்குது. நடுவுல கண்ணு முழிச்சுப் படுத்திருக்கற பொம்பள உங்களுக்குத் தெரியலையா?” என்று கத்திவிட்டேன்.

“எனக்குத் தெரியுது சார். நான் கையெழுத்துப் போட முடியாது. பெட்டிதான் போடும். முகமூடிய எடுத்துட்டுப் பேசட்டும். தொண்ணூறு விநாடிதான்.”

யாழிசை வேண்டாம் என்று அழுதாள். வினோதினிதான் தானே கழற்றினார். பேசினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு விநாடி. அதற்குமேல் உதடு மட்டும் அசைந்தது. யாழிசை பிடுங்கி முகமூடியை மாட்டிவிட்டாள். “போதும், எல்லாரும் எழுந்து போங்க” என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது முபீனா என் முகத்தைப் பார்க்கவில்லை.

சித்திரை பிறந்து நாலாம் நாள் வினோதினி இறந்துபோனார். பொய் உருவைப் பரப்பிய குற்றத்துக்கு முபீனா ஐந்து வருடம் கேமராவைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அவள் ஊரோடு போய்க் குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். நான் அறையைப் பூட்டினேன். என் ஒலிக்கலவைப் பெட்டியை மதனகோபால் என்கிற பையன் விலைக்குக் கேட்டான், எடுத்துக்கொண்டு போ என்று தள்ளிவிட்டேன்.

ஆவணி மாதம் முபீனா போன் செய்தாள். ஒரு சத்தத்தை மட்டும் போட்டுக் காட்டினாள்.

“வணக்கம். அடுத்த நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி. பார்த்து இறங்குங்கள்.”

வினோதினி. மூன்று நாள் வெந்நீர் கொடுத்து நான் துலக்கிய குரல். நெடும்பட்டில் கம்பெனி பஸ்ஸில் ஓடுகிறது என்றாள் முபீனா. குழாயைத் திறந்தால் தண்ணீர் எத்தனை லிட்டர் என்று அந்தக் குரல்தான் சொல்கிறதாம். ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் கூப்பிடுவதும் அதுதானாம்.

நேராகக் கீர்த்திவாசனிடம் போய், அடப்பாவிகளா, கொன்றது பத்தாதென்று பழிவாங்குகிறீர்களா என்று கேட்டேன். அவர் எனக்கு நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“பழியெல்லாம் இல்ல சார். கம்பெனிக்கு அவங்க யாருன்னே தெரியாது. சொந்தக்காரர் இல்லாத உருன்னு பதிவான எல்லாம் ஒரு பட்டியல்ல கிடக்கும். முதல்ல பதியறவங்களுக்குச் சொந்தம். இருக்கறதுலயே தெளிவான தமிழ்க் குரல் எதுன்னு அவங்க மிஷின் தேடியிருக்கும். இது முதல்ல வந்திருக்கும். அவ்வளவு சுத்தமான குரல் அந்தப் பட்டியல்லயே வேற இல்ல சார்.”

பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். பாவம், செய்தவன் நான் என்று அவருக்குத் தெரியாது.

மார்கழியில் மதனகோபால் கூப்பிட்டான். “அண்ணே, நீங்க குடுத்த பெட்டி பூரா யாரோ இருமிக்கிட்டே இருக்காங்களே. எடம் அடைக்குது. அழிச்சிடவா?”

“தொடாதடா!” என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

ஒவ்வொன்றையும் வெட்டுவதற்கு முன்னால் இருந்தபடியே அந்தப் பெட்டி தன்பாட்டுக்கு ஒரு மூலையில் சேர்த்துவைத்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் அன்றைக்கே அழித்துத் தொலைத்திருப்பேன். எட்டு நாள் மதனகோபாலின் அறையிலேயே உட்கார்ந்து, வெட்டிய இருமலை எல்லாம் எடுத்த இடத்தில் ஒட்டினேன். இருநூற்றுப் பதினெட்டு இருமல். மூச்சு இழுத்தது, செருமியது, “தண்ணி குடுங்க சார்” என்றது, எதையும் விடவில்லை. கீர்த்திவாசன் அதைத் தன் பெட்டியில் போட்டார். நாலே விநாடியில் பச்சை எரிந்தது. உயிர்.

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “வாரிசு ஒரு கைரேகை வச்சாப் போதும் சார். கம்பெனிப் பதிவு ரத்தாகிடும். பஸ், குழாய் எல்லாத்துலயும் அன்னிக்கே குரல எடுத்துடணும். படத்துக்கு உயிர் முத்திரை. அவங்க சொன்னதுக்குச் சாட்சி மதிப்பு வந்துடும். நாலாம் ஷெட்ட மூடித்தான் ஆகணும். அவங்க இறந்த ஒரு வருஷத்துக்குள்ள வைக்கணும், அவ்வளவுதான். சித்திரை வரைக்கும் டைம் இருக்கு.”

முபீனாவிடம் சொன்னபோது அவள் போனிலேயே ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். வெட்கம் என்ன இதில்? ஒன்பது மாதத்தில் அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாளே நெடும்பட்டுக்குப் போனேன். யாழிசைக்கு இருபது வயது. அவளும் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள், அந்த ஊரில் வேறென்ன இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வாசலில் வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “சாப்ட்டீங்களா சார்?” என்றாள்.

பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு மேடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பையும் ஒளிக்காமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கீர்த்திவாசன் கொடுத்தனுப்பிய, கைரேகை வைக்கிற பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“இதுல வச்சா பஸ்ல அம்மா கொரலு வருமா, வராதா சார்?”

“வராதும்மா. அந்தத் திருட்டையெல்லாம் நிறுத்திடுவாங்க.”

“கொழாய்ல?”

“எதுலயும் வராது. படத்துல மட்டும் வரும். அம்மா நெஜமா எப்படிப் பேசினாங்களோ, அப்படி.”

இதைக் கேள் என்று ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டேன். இருநூற்றுப் பதினெட்டையும் ஒட்டிய பதினோரு நிமிடம். பத்து விநாடிகூட ஆகவில்லை. கழற்றி என் மடியில் வைத்துவிட்டாள்.

“வேணாம் சார். இத்த வெவரம் தெரிஞ்ச நாளா கேட்டாச்சு. தலகாணிய காதுல வச்சி அமுக்கிக்கினு படிப்பேன். செத்துத் தொலைய மாட்டியான்னு ஒரு வாட்டி கேட்டுட்டேன் சார் அம்மாவ.”

நான் மடியில் கிடந்ததை எடுத்துப் பையில் வைத்தேன்.

“மெட்ராசுல நீங்க போட்டுக் காட்டினீங்களே, அம்மா வந்து அத்த எத்தினி வாட்டி சொல்லிச்சு தெரியுமா? ‘பாப்பா, என் கொரலு இன்னா அழகா இருந்துச்சுன்ற’னு. அஞ்சு மாசமா பஸ்ல அதான் வருது. ஏறினா டிக்கெட்ட பாத்து பேரு சொல்லிக் கூப்புடுது. வூட்ல பாப்பான்னு கூப்புடும், பஸ்ல யாழிசைன்னு முழுப் பேரு சொல்லுது, அது ஒண்ணுதான் வித்தியாசம். ஷிப்ட் முடிஞ்சி ரெண்டு ரவுண்டு சும்மா சுத்திட்டுத்தான் வூட்டுக்குப் போறேன். எங்க அம்மா இருமாம பேசி நான் இப்பதான் சார் கேக்கறேன்.”

“யாழிசை, அது அம்மா இல்லம்மா.”

“தெரியும் சார். நான் இன்னா பைத்தியமா?”

“அந்த ஷெட்டுல நாப்பது பேரு இருக்காங்க. அவங்களுக்கும் புள்ளைங்க இருக்கு. உங்க அம்மா அதுக்காகத்தானே மூச்சுத் திணறத் திணறப் பேசினாங்க? முகமூடியக் கழட்டினாங்களே, நீ பாத்தியே.”

அவள் பலகையை மேடையில் வைத்தாள். கட்டைவிரலை அதன் மேல் கொண்டுபோனாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

“என்னால முடியாது சார். என்ன சபிச்சாலும் சரி.” பலகையை என் பக்கம் நகர்த்தினாள். “நீங்கதான் அதுக்கு அந்தக் கொரலக் குடுத்தீங்க. நீங்களே வந்து புடுங்கறீங்களே.”

“நீயும் அங்கதானேம்மா வேலை பாக்கற? உனக்குப் பயமா இல்லையா?”

“நான் அரவை இல்ல சார், பேக்கிங்கு. தூசி வராது.”

பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். எனக்கும் ஊர் திரும்ப அதுதான் வழி. பின்னால் ஏறினேன்.

“வாங்க யாழிசை” என்றது குரல். “வாங்க சேவியர். உக்காருங்க.”

டிக்கெட் எடுத்த பெயரைப் பார்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் நான் உட்காரவில்லை. என் காது விடவில்லை. ‘வாங்க’வுக்கும் என் பெயருக்கும் நடுவில் ஒரு இடம். அவர் பேசியிருந்தால் அங்கே ஒரு இருமல் இருந்திருக்கும். நான்தான் எடுத்தேன். வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குச் சுத்தமாக எடுத்திருக்கிறேன்.

யாழிசை ஜன்னலோரம் உட்கார்ந்து கூரையில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. தண்ணீர்த் தொட்டி தாண்டியதும் அவள் தோள் ஒரு முறை குலுங்கியது. பிறகு மறுபடி. சத்தம் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தின் பெயரை அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அது காதில் விழவேண்டும் என்று துப்பட்டாவை வாயில் அழுத்தி இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள்.